கடைசி வரிசை வரை

மேடையில் நிற்பவரின் புருவமும் உதடும் கண்ணும் சொல்வதை ஏறக்குறைய 20 மீட்டர் வரைதான் பார்ப்பவரின் கண் படித்துக்கொள்ளும் என்பது அரங்கம் கட்டுகிறவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதற்கு அப்பால் உருவம் தெரியும், கைவீச்சு தெரியும், உடை தெரியும், முகம் கரைந்துவிடும். மைக் இல்லாமல், கத்தாமல், பழகிய தொண்டை ஒன்று அடங்கிய இரவில் வசனத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரமும் இதை ஒட்டியே இருக்கிறது. சிறிய அரங்கு என்பதை இந்த இரண்டு தூரங்களுக்குள் அடங்கிய இடம் என்று வைத்துக்கொள்ளலாம். தென்காசியிலும் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் நாடகம் நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வருபவை: கோயில் கொடைக்குப் போடும் பந்தல், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடை, கல்யாண மண்டபம், ஊர் நடுவில் இருக்கும் திடல். இருநூறு பேர், மிஞ்சினால் முந்நூறு பேர். ஒரு தலைமுறைக்கு முன் இந்த மேடைகள் கண்டிராத விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் இன்று ஒரு மினி லாரியில் வந்து இறங்கிவிடுகின்றன. ஆனாலும் ஓர் உறுத்தல் விடாமல் தொடர்கிறது. வெளிச்சம் கூடக்கூட முகம் ஏன் தெரியாமல் போகிறது? சத்தம் கூடக்கூடச் சொல் ஏன் விளங்காமல் போகிறது? கருவிகளைக் குறைசொல்லி இதைத் தீர்க்க முடியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் இடத்திலிருந்து மேடையை அளக்கும் பழக்கம் எங்கோ கைநழுவிப் போயிருக்கிறது. மேடை, ஒளி, ஒலி மூன்றையும் அந்த ஆளின் இருக்கையிலிருந்து யோசிக்கும்போதுதான் அவற்றின் அடிப்படைகள் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன.

மேடையை அளந்து சொல்லும் பழக்கம் தமிழுக்குப் புதிது இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கை அளவுகோலிலிருந்தே தொடங்குகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்த விரல் பெருவிரல் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். கோலுக்கான மூங்கில் புண்ணிய மலையில், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியோடு வளர்ந்ததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மலைகளில் உரையில் முதலில் சொல்லப்படும் பெயர் பொதியம். குற்றாலத்துக்காரர்கள் கண்ணுக்கு எதிரே நிற்கும் மலைத்தொடர் தமிழ் மேடைக்கு அளவுகோல் கொடுத்த மலை என்பதை இந்த வட்டாரத்தில் நாடகம் போடும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கலாம். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து மேடையின் உயரம் 1 கோல், மேடைத் தளத்துக்கும் மேலே உத்தரத்துக்கும் இடையே 4 கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள். பெருவிரலின் அகலத்தை ஓர் அங்குலம் என்று கொண்டால் ஒரு கோல் 2 அடி ஆகிறது. அரங்கம் 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி, தலைக்கு மேல் 8 அடி. இது பெரிய மேடையே இல்லை. இன்றைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் வரும் இடம். சோழன் அவையில் ஆடிய கணிகைக்கு இவ்வளவுதானா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. விரல் அளவை இன்னும் பெரிதாக எடுத்துக்கொண்டு மேடையை விரித்துக் காட்ட விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஒருத்தி தனியாக ஆடுவதைக் கண்ணால் தொடர்வதற்கு 14 அடியே தாராளம். முகம் முக்கியமாக இருக்கும் கலைக்கு இடத்தைக் குறைப்பதுதான் மரியாதை.

அந்த அளவுகளில் யோசிக்க அதிகம் இடம்கொடுப்பது ஒரு கோல் உயரம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். 2 அடி மேடை அந்தக் கண்ணுக்குச் சற்றே கீழே முடிகிறது. அதாவது முன்வரிசையில் இருப்பவருக்கு மேடைத் தளம் தெரியும், தளத்தில் பதியும் பாதம் தெரியும், அதே நேரம் பின்வரிசைக்கு ஆடுபவரின் உடல் முன்னவர் தலைக்கு மேலே எழும். சதிரோ கூத்தோ பாதத்தை மறைத்துவிட்டுப் பார்க்கக்கூடியவை இல்லை. இன்று ஊர்களில் சிமெண்டில் நிரந்தரமாகக் கட்டிவிடும் கலையரங்குகள் நாலு அடி, ஐந்து அடி உயரத்தில் நிற்கின்றன. அரசியல் கூட்டத்துக்கு அது சரி. நாடகத்துக்கு வந்து முன்னால் பாய் விரித்து உட்காரும் குழந்தைகளுக்கும் கிழவிகளுக்கும் நடிகர்களின் முழங்காலுக்கு மேலேதான் காட்சி. பார்ப்பவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிவிட்டதால் கணக்கும் மாற வேண்டும்: நாற்காலியில் இருப்பவரின் கண் நான்கு அடிக்குச் சற்றுக் கீழே வரும், அதற்கு 3 அடி மேடை பொருந்தும். சமதரையில் போட்ட நாற்காலிகளில் ஐந்தாவது வரிசைக்குப் பிறகு முன்னால் இருப்பவரின் தலைதான் காட்சி என்பதால், வரிசைகளை ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாக அடுக்காமல் பாதி நாற்காலி தள்ளித் தள்ளிப் போட வேண்டும். பாயில் உட்காருகிறவர்கள் முன்னால், நாற்காலிகள் நடுவில், நிற்பவர்கள் பின்னால் என்ற கொடைவிழாவின் பழைய ஒழுங்கு, சாய்தளம் கட்டாமலே சாய்தளத்தின் பயனைத் தந்தது. அதைக் கலைக்காமல் இருப்பதே பாதி வேலை.

மேடை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதும் வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்டதில்லை. கொடை மேடைகளில் அதைத் தெய்வம் தீர்மானித்துவிடுகிறது. கணியான் கூத்தில் அண்ணாவி பாடுவதும் பெண்வேடக்காரர்கள் ஆடுவதும் சுடலைமாடனுக்கு எதிரே, அவர் பார்வையில் படும்படி. ஊர்மக்கள் சுற்றிலும் நிற்பது அதற்குப் பிறகுதான். நாடகக் குழு தானே திசையைத் தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது காற்றை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று எப்படி அடிக்கும் என்பது தென்காசிக் கோபுர வாசலில் ஒருமுறை நின்றவர்களுக்குத் தெரியும். தரைக்கு மேலே போகப்போகக் காற்றின் வேகம் கூடுவதால், காற்றோடு சேர்ந்து போகும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஆகவே சாரல் காலத்தில் மேடை மேற்கிலும் பார்வையாளர்கள் கிழக்கிலும் இருப்பது நல்லது. தலைகீழாக அமைந்த மேடையில் ஒலிபெருக்கியை எவ்வளவு கூட்டினாலும் கடைசி வரிசைக்கு வார்த்தை விட்டுவிட்டுத்தான் போகும். திரைச்சீலை இரவெல்லாம் நடிகர்கள் மேல் வந்து அறையாமலிருக்கப் பின்பக்கத்தை ஓலைத் தட்டியால் அடைத்துவிட வேண்டும்.

திரைகளைப் பற்றி அரங்கேற்று காதை மூன்று பெயர்களைச் சொல்கிறது: ஒரு பக்கமாக இழுபடும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. பிற்காலக் கம்பெனி நாடகங்கள் பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து எழுதிய படுதாக்களை எடுத்துக்கொண்டன. தர்பார், நந்தவனம், காடு, தெரு என்று சுருட்டிய சீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கன்னையா கம்பெனி பிரமாண்டமான காட்சியமைப்புக்காகவே பேசப்பட்டது. அந்த ஆசையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. சித்திரத்தை வணங்கும் மரபு இந்த மண்ணுக்கு மிக நெருக்கமானது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலச் சித்திர சபையில் அவரே சுவரில் வண்ணமாகத்தான் ஆடுகிறார். ஆனால் 14 அடி அகலத்தில் தர்பாரை எழுதித் தொங்கவிட்டால் நடிகர் அரண்மனைத் தூணைவிட உயரமாக நிற்பார். சிறிய மேடையில் இடத்தைச் சொல்லாலும் உடலாலும் எழுப்புவதே வலுவான வழி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இதற்கு நல்ல பாடம். கட்டியக்காரன் வந்து அறிவிக்கிறான், உலா வருகிறது, வசந்தவல்லி பந்தடிக்கிறாள், சிங்கி குறி சொல்கிறாள், சிங்கன் பறவைகளுக்குக் கண்ணி வைக்கிறான். வீதி, பந்தடி மேடை, வயல் எல்லாம் மாறுகின்றன. மாற்றுவதற்கு ஒரு படுதாவும் வேண்டாம். சிங்கன் கண்ணிவைக்கும் இடத்தில் அவன் குனிந்து பதுங்கினால் வயல் வந்துவிடுகிறது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறைக்குப் பிறகு உருவான நவீன நாடகக் குழுக்களும், 1980இல் சோழமண்டலத்தில் வங்காள நாடக இயக்குநர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையில் பயின்றவர்களும் வெறும் தரையை மேடையாக ஏற்கத் துணிந்தது இறக்குமதி என்று சிலர் சொன்னார்கள். குறவஞ்சியும் கணியான் கூத்தும் நடந்த நிலத்தில் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. சிறிய குழுவுக்குத் தேவையானது கருப்போ கருநீலமோ ஆன ஒரு பின்திரை, இரு பக்கமும் ஆட்கள் மறைந்து நிற்க இரண்டு இரண்டு தட்டிகள், ஓர் உட்கார்பலகை. பின்திரைக்கு வெள்ளைத் துணி கூடாது. முகத்துக்கு வரவேண்டிய கண்ணைத் துணி இழுத்துக்கொள்ளும்.

ஒளியிலும் சிலப்பதிகாரம் ஒரு குறிப்பைத் தருகிறது. மேடைத் தூண்களின் நிழல் ஆடுபவர் மேலோ பார்ப்பவர் மேலோ விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. விளக்கு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லாமல், நிழல் எங்கே விழ வேண்டும் என்பதைச் சொல்வது கவனிக்கத்தக்கது. மேடை ஒளி பற்றிய படிப்பு முழுவதும் அங்கிருந்துதான் கிளைக்கிறது. இதைத் தோல்பாவைக் கூத்தில் கண்ணால் பார்க்கலாம். தென்மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் நடத்தப்பட்ட அந்தக் கூத்தில் வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரே விளக்கு. பாவை துணியோடு ஒட்டி நின்றால் வண்ணமும் துளையும் கூர்மையாகத் தெரியும். விளக்கை நோக்கி நகர்ந்தால் உருவம் பெருத்து ஓரம் மங்கிவிடும். அனுமன் பேருருவம் எடுக்க வேண்டுமென்றால் பாவையைப் பின்னால் இழுத்தால் போதும். தூரம், அளவு, கூர்மை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை அந்தக் கலைஞர்கள் எந்தப் பாடநூலும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். தீவட்டியும் பெட்ரோமாக்ஸும் இருந்த காலத்தில் வெளிச்சம் குறைவு, நடிகர்கள் வெளிச்சத்தைத் தேடி வந்து நின்று பேசினார்கள். முக்கியமான வசனம் வரும்போது விளக்கருகே வருவது நடிப்பின் இலக்கணமாகவே இருந்தது. மேடை முழுவதும் பகலாகிவிட்ட பிறகு எங்கே நின்றாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அதனால் எங்கே நிற்பது என்ற கேள்வியே நடிகரின் உடலிலிருந்து போய்விட்டது.

முகத்துக்கு ஒளி எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்பதை அமெரிக்க ஒளியமைப்பாளர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையாக்கினார்: மேடையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னாலிருந்து இடமும் வலமுமாக இரண்டு விளக்குகள், பக்கவாட்டில் 45 பாகை, மேலிருந்து 45 பாகை, ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது சற்றுக் குளிர்ந்த நிறம். நேர் எதிரே இருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும். நேர் தலைக்கு மேலிருந்து அடித்தால் கண்குழி இருண்டு நெற்றியும் மூக்கும் மட்டும் மின்னும். காலடியிலிருந்து அடித்தால் அரக்கன் வேடத்துக்கு மட்டும் ஆகும். பந்தல் மேடைக்கு இதைக் கொண்டுவரும்போது 45 பாகை கிடைக்காது. அவ்வளவு உயரத்தில் கம்பம் நட வசதியில்லை. மேடை முன்விளிம்பிலிருந்து 12 அடி தள்ளி, இரு ஓரங்களிலும் சவுக்குக் கம்பம் நட்டு, 14 அடி உயரத்தில் விளக்கைக் கட்டினால், முன்பகுதியில் நிற்கும் நடிகரின் முகத்துக்கு ஏறக்குறைய 30 பாகையில் ஒளி வரும். அது போதும். விளக்கை மேடைக்கு மிக அருகில் கட்டும் ஆசையை அடக்க வேண்டும். தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்காகும் என்பது எல்லோரும் படித்த விதி. அது மேடையில் செய்யும் வேலையைக் கவனிப்பவர்கள் குறைவு. விளக்கிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் நிற்பவர் ஒரு மீட்டர் பின்னால் போனால் அவர் மேல் விழும் ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 8 மீட்டர் தூரத்தில் நிற்பவர் அதே ஒரு மீட்டர் போனால் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். தள்ளி வைத்த விளக்கு நடிகரைச் சுதந்திரமாக நடமாட விடுகிறது.

நிறத்தில்தான் இன்றைய மேடைகள் அதிகம் தடுமாறுகின்றன. வாடகைக்குக் கிடைக்கும் 54 பல்ப் எல்இடி பார் லைட்டுகள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை காட்டுபவை. அந்த வெள்ளையில் இடையில் உள்ள நிறங்கள் போதுமான அளவில் இல்லாததால் மாநிறத் தோல் சாம்பல் பூக்கிறது, மஞ்சள் பூசிய முகம் நோயாளி முகமாகிறது. நீல ஒளியில் குங்குமம் கருப்பாகத் தெரியும். செக்கச் சிவந்த ஒளியில் குங்குமம் இருந்த இடமே தெரியாது. வள்ளியாக வருபவர் ஒரு மணி நேரம் செலவிட்டுப் போட்ட ஒப்பனையை ஒரு விசை அழித்துவிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு, தாளத்துக்குத் தாளம் நிறம் மாறும்படி விட்டுவிட்டால் கடைசி வரிசைக்கு முகம் ஒரு நிமிடம்கூட நிலைத்துக் கிடைக்காது. வாடகைக்கு எடுக்கும்போதே இளமஞ்சள் வெள்ளைப் பல்பு தனியாக உள்ள விளக்குகளைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய ஆலஜன் விளக்கே மேல். 1000 வாட் ஆலஜன் ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் மாட்டக் கூடாது. ஆறு விளக்குகளால் ஒரு சிறிய நாடகத்தை முழுமையாக ஒளியூட்டலாம்: முன்னால் இடமும் வலமுமாக நான்கு, பின்திரையிலிருந்து உருவத்தைப் பிரித்துக் காட்டப் பின்புறம் மேலிருந்து இரண்டு. பின்னொளி ஆடம்பரம் என்று நினைத்து முதலில் வெட்டப்படுவது அதுதான். ஆனால் தலைமுடியிலும் தோளிலும் அந்த மெல்லிய கோடு விழாவிட்டால் கருந்திரைக்கு முன் கருத்த தலை காணாமல் போகும். பார்வையாளர் பக்கத்து டியூப்லைட்டுகள் அணைந்திருக்க வேண்டும். கொல்கத்தாவில் தாபஸ் சென், உத்பல் தத்தின் அங்கார் நாடகத்தில், 1959இல், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியால் மட்டுமே காட்டியதாகப் புகழப்படுகிறார். சுற்றிலும் நல்ல இருட்டு இருந்ததால் அது முடிந்தது.

ஒலி என்று வந்தால் இந்த வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருவது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்து 1933இல், 27 வயதில் மறைந்தவர். அவர் பாடிய மேடைகளில் ஒலிபெருக்கி இன்னும் பரவியிருக்கவில்லை. கொட்டகை நிறைந்த கூட்டத்தின் கடைசிப் பெஞ்சுக்குத் தொண்டையால் மட்டுமே போய்ச் சேர வேண்டியிருந்தது. உச்ச ஸ்தாயியில் பாடுவது அன்றைய நாடகப் பாடகர்களின் பகட்டு என்று பின்னாளில் குறைசொல்லப்பட்டது. அதில் ஓர் இயற்பியல் நியாயம் இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். உயர்ந்த சுருதியில், திறந்த குரலில் பாடும்போது குரலின் வலுவில் கணிசமான பங்கு அங்கே போய்ச் சேருகிறது. ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் அவற்றைத் தாண்டி வெளியே வந்துவிடும். வசனத்திலும் இதே பகுதிதான் முக்கியம். உயிரொலிகள் சத்தத்தைத் தருகின்றன. வார்த்தையை அடையாளம் காட்டுவது மெய்யொலிகள். அவை வலுக்குறைந்தவை, குறுகியவை, இந்த மேல்பகுதியில் வாழ்பவை. குற்றாலத்தில் அருவி இரையும் காலத்தில் திறந்தவெளியில் பேசிப் பார்த்தால் நடப்பது புரியும்: குரல் கேட்கும், என்ன சொன்னார் என்பது தெரியாது. அருவியின் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடப்பதால் மெய்யொலிகள்தான் முதலில் மூழ்குகின்றன. அங்கே ஒலிபெருக்கியில் அடித்தொனியைக் கூட்டுவது பயனற்றது; அதைக் குறைத்து மேல்பகுதியைச் சற்று ஏற்ற வேண்டும், நடிகர்கள் மெதுவாகப் பேச வேண்டும்.

கல்யாண மண்டபம் வேறு வகைச் சோதனை. 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு மண்டபம், சிமெண்டுப் பூச்சுச் சுவர், கிரானைட் தரை, திறந்த ஜன்னல்கள் 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆள் இல்லாதபோது ஒலி அடங்க ஏறக்குறைய 5 வினாடி ஆகும். அடுத்த வசனம் முந்தைய வசனத்தின் மேல் ஏறி நிற்கும். 200 பேர் உட்கார்ந்துவிட்டால் அது 1.7 வினாடிக்கு இறங்கிவிடும். பின்சுவரில் கனத்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் 1.4. பேச்சுக்கு ஒரு வினாடிக்குக் கீழே இருப்பது நல்லது என்பதால் இதுவும் நிறைவானது இல்லை, ஆனால் நாடகம் நடத்தலாம். இந்தக் கணக்கின் மூலவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895இல் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலியைத் தீர்க்கும்படி கேட்கப்பட்டு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி அடுக்கிச் சோதித்தவர். அவர் கண்டதில் ஊர் மேடைக்கு மிகவும் உதவுவது, உட்கார்ந்திருக்கும் மனித உடலே சிறந்த ஒலியுறிஞ்சி என்பது. அதனால் வெறும் மண்டபத்தில் மாலையில் சரிபார்த்த ஒலி அளவு இரவில் செல்லாது. கூட்டம் வந்த பிறகு, முதல் காட்சியின்போதே ஒருவர் பின்னால் போய் நின்று கேட்டுவிட்டு வந்து திருத்த வேண்டும்.

ரேடியோ செட் என்று ஊர் இன்றும் சொல்லும் ஒலிபெருக்கி வாடகையில் பழைய குழாய்க்கும் இன்றைய பாக்ஸுக்கும் உள்ள வேறுபாடு யோசிக்கத்தக்கது. கூம்புக் குழாய் இசைக்குக் கொடுமையானது. அடித்தொனி அதில் வராது. ஆனால் பேச்சின் மெய்யொலிகள் வாழும் பகுதியை அது தூக்கிப்பிடித்தது, அதனால் வில்லுப்பாட்டின் கதை அடுத்த தெருவுக்குக்கூட விளங்கியது. ஆளுயர பாக்ஸ்கள் நெஞ்சை அதிரவைக்கின்றன, கதை புரிவதில்லை. வில்லுப்பாட்டில் குடத்தின் கும்மென்ற ஒலியும் உடுக்கையும் ஏற்கனவே கீழ்த்தொனியில் இருக்கின்றன. வில்லின் மணிகள் மேலே சிலிர்க்கின்றன. பாடுபவரின் சொல் நடுவில் நிற்கிறது. கீழ்ப்பகுதியைக் கூட்டினால் குடம் சொல்லை விழுங்கும். வீசுகோல் நாணில் படும் இடத்துக்கும், குடத்துக்கும், ஜால்ராவுக்கும் தனித்தனி மைக் வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்காகும்போதெல்லாம் மைக் கீச்சிடாமல் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபல் குறைகிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் 6 டெசிபல் போகிறது. எனவே மைக் குறைவாகவும் வாய்க்கு அருகிலும், பெட்டிகள் மைக்கைவிட முன்னால் தள்ளியும் இருக்க வேண்டும். ஊர் முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டும்போது ஒன்றின் ஒலியும் அடுத்ததன் ஒலியும் வேறுவேறு நேரத்தில் காதுக்கு வருகின்றன; தூர வேறுபாடு 17 மீட்டரைத் தாண்டினால் 50 மில்லிவினாடி ஆகிவிடும், சொல் இரட்டிக்கத் தொடங்கும். சிறிய அரங்குக்கு மேடையின் இரு ஓரத்திலும் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டிய இரண்டு பெட்டிகள் போதும். இருபது மீட்டருக்குள் அடங்கும் கூட்டம் அமைதியாக இருக்கிறதென்றால் மைக்கே இல்லாமல் ஒரு காட்சியாவது நடத்திப் பார்ப்பது நடிகர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நல்லது. நடிகரின் வாயிலிருந்து வரும் சொல்லைத் தேடிக் கூட்டம் சற்று முன்னால் குனியும். பெட்டியிலிருந்து வரும் சொல்லுக்கு அது ஒருபோதும் குனிந்ததில்லை.

சாரல் ஈரம் தோல் கருவிகளைத் தளர்த்திவிடும். கணியான் கூத்தில் மகுடத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது பார்ப்பவர்களுக்குச் சடங்குபோலத் தோன்றினாலும் அது சுருதி சேர்க்கும் வேலை. அதற்கு மேடைக்குப் பின்னால் இடமும், துணித் திரையிலிருந்து எட்டத்தில் நெருப்பும் ஒதுக்கித்தர வேண்டும். மின்கம்பிகள் ஈரத் தரையில் கிடக்காமல் உயர்த்திக் கட்டப்பட வேண்டும்; விளக்குக்கும் ஒலிக்கும் மின் இணைப்பைத் தனித்தனியாகப் பிரித்தால் விளக்கின் இரைச்சல் பெட்டியில் கேட்காது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்கள்வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விடிய விடிய நடந்த நாடகங்களை இது சுருக்கிவிட்டது என்று வருந்துவதில் நியாயம் இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு பெட்டியை அணைத்து, கருவிகளையும் நிறுத்திவிட்டு வெறுங்குரலில் தொடரும் நாடகத்துக்கு அந்த விதியில் தடையில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இவற்றில் எதுவும் பெரிய செலவு கேட்பதில்லை. கேட்பது நேரத்தை. விளக்குக்காரரும் ரேடியோ செட்காரரும் நாடகத்தை முதன்முதலாகப் பார்ப்பது பார்வையாளர்களோடு சேர்ந்துதான் என்ற நிலை இருக்கும்வரை, எந்த வசனத்துக்கு வெளிச்சம் இறங்க வேண்டும், எந்த மௌனத்தில் பாட்டு நுழையக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கொடைக் கமிட்டிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சபாக்களுக்கும் வைக்கக்கூடிய வேண்டுகோள் இது: மேடையை மாலை நான்கு மணிக்கே நாடகக் குழுவிடம் ஒப்படையுங்கள். ஒளிக்கும் ஒலிக்கும் பொறுப்பானவர்களை முந்தைய நாள் முழு ஒத்திகைக்கு வரவழையுங்கள், அந்த நாளுக்கும் அவர்களுக்குக் கூலி கொடுங்கள்.